தந்தையின் வண்டியும் தனயனின் கடனும்

மனிதன் இவ்வுலகை விட்டுப் பிரியும்போது விட்டுச் செல்லும் பொருள்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, விலையுள்ளது, மற்றொன்று, விலையற்றது. வீடு, நிலம், ரொக்கம் ஆகியவற்றுக்கு வாரிசுகள் கூடிப் பேசுவர். பழைய மூக்குக் கண்ணாடியையும் தேய்ந்த செருப்பையும் எவரும் கேட்பதில்லை. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு. கடைத்தெருவில் அதற்கு விலை இல்லை. வீட்டிலோ அதற்கு விலை சொல்ல முடிவதில்லை. அத்தகைய ஒரு பொருள் எங்கள் குடும்பத்தில் எழுப்பிய வினாவையே இங்கு எழுத முனைகிறேன்.

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டின் பின்புறச் சாய்ப்பில் ஒரு சுவேகா வண்டி துருப்பிடித்து நின்றது. மர்ஹூம் அத்தா அவர்கள் 1974ஆம் ஆண்டில் திருப்பதிக்குச் சென்று வாங்கி, புத்தூர், நகரி வழியாகத் தாமே ஓட்டிக்கொண்டு வந்த வண்டி அது. கைலியும் துண்டும் பின்னால் கட்டிக்கொண்டு சோளிங்கர், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு என்று ஊர் ஊராகச் சென்று விற்றார். ஆடிக் கிருத்திகை நாள்களில் மலையடிவாரத்தில் காவடி எடுத்து வரும் மக்களுக்குத் துண்டு விற்பார். அந்த வருமானத்தில்தான் நாங்கள் படித்தோம், உண்டோம், மணமுடித்தோம்.

சுவேகாவை அறியாத இளைஞர்களுக்காக ஓரிரு சொற்கள். பிரான்சு நாட்டின் மோட்டோபெக்கான் நிறுவனம் 1949இல் 'மொபிலெட்' என்ற எஞ்சின் பூட்டிய சைக்கிளை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் கூட்டுறவுடன் திருப்பதியில் அமைந்த மொபெட்ஸ் இந்தியா நிறுவனம் செய்ததே சுவேகா. 1972இல் லூனா வந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அவற்றுக்கெல்லாம் முன்பே எங்கள் பக்கத்துச் சாலைகளில் ஓடியது சுவேகாதான். அதன் எஞ்சின் ஐம்பது கன சென்டிமீட்டருக்கு உட்பட்டது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். எஞ்சினின் சுழற்சி ஒரு பெல்ட்டின் வழியே கப்பிக்கும், அங்கிருந்து செயினின் வழியே பின்சக்கரத்துக்கும் செல்லும். ஸ்டாண்டிட்டுப் பெடலை மிதித்தால் எஞ்சின் உயிர்பெறும். வழியில் பெட்ரோல் தீர்ந்தால் சைக்கிளைப்போல் மிதித்துக்கொண்டே வீடு சேரலாம். ஏழை வியாபாரிக்கு இதைவிட ஏற்ற துணை வேறென்ன?

அத்தா மறைந்து ஓராண்டு கழித்து, அவ்வண்டியைப் புதுப்பிக்கலாம் என்று எண்ணினேன். பழைய மெக்கானிக் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "பாய், ஓடணுமா, பார்க்க அழகா நிக்கணுமா? அதை முதல்ல சொல்லுங்க" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பது என் விருப்பம். துருவைக்கூடத் தொடக்கூடாது, அத்தா விட்டபடியே இருக்கட்டும் என்றாள் தங்கை. சிரித்துக்கொண்டே அம்மா கேட்ட கேள்விதான் எங்கள் இருவரையும் மடக்கியது: "விட்டபடியேன்னா எந்த நாள்ல விட்டபடி?"

உண்மைதான். மட்கார்டைச் சற்றே சுரண்டிப் பார்த்தபோது பச்சையின் கீழ் நீலமும், நீலத்தின் கீழ் சாம்பல் நிறமும் வெளிப்பட்டன. அத்தாவே இருமுறை நிறம் மாற்றியிருக்கிறார். சீட்டு உள்ளூர் சைக்கிள் கடையில் வாங்கியது. கேரியரோ, துணி மூட்டைக்கு இடம் போதவில்லை என்று கொல்லரிடம் கொடுத்து அகலமாக்கியது. அவர் வாழ்நாளிலேயே அது பலமுறை மாறிவிட்டது. அப்படியானால், நான் காக்க நினைப்பது எந்த வண்டியை?

இவ்வினா புதிதன்று. ஏதென்ஸ் நகர மக்கள் தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைப் பன்னெடுங்காலம் காத்து வந்தனர் என்றும், உளுத்த பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தியதால், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். 1655இல் வெளியான தம் நூலில் ஆங்கில அறிஞர் ஹாப்ஸ் இவ்வழக்கில் மேலும் ஒரு முடிச்சைப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து, அவற்றைக்கொண்டு அதே முறையில் இன்னொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்று கேட்டார்.

நம்மவர்களுக்கும் இச்சிந்தனை அன்னியமன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளை மறுத்து எழுதிய 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா'வின் இறுதிப் பகுதியில், மறுமையில் உடல் மீண்டும் எழுப்பப்படுவது பற்றி வாதிடும்போது இதைத் தொடுகிறார்கள். குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை மனித உடலின் கூறுகள் உணவால் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆயினும் அம்மனிதன் அவனேதான் என்பது அங்கு அவர்கள் சுட்டும் கருத்து. மனிதன் அவனாக நிலைப்பதற்குக் காரணம் அவன் ஆன்மா. வண்டிக்கு ஆன்மா இல்லையே! அப்படியாயின் அதை அதுவாக நிலைநிறுத்துவது யாது?

பெயர் என்று சொல்லலாமா? 2024ஆம் ஆண்டில் லூனா என்ற பெயர் மீண்டும் கடைக்கு வந்தது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் வண்டியாக. பழைய லூனாவின் ஓர் ஆணிகூட அதில் இல்லை. பெயர் மட்டும் பிழைத்தது. இடம் என்று சொல்லலாமா? எங்கள் ஊரையே பாருங்கள். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டாரம், ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பின்னர் 1997இல் உருவான திருவள்ளூர் மாவட்டத்தில் இடம்பெற்றது. அத்தா குடியிருந்த வீட்டை மாற்றாமலே மாநிலம் மாறினார், மாவட்டமும் மாறினார். சந்தையில் தெலுங்கிலும் தமிழிலும் பேரம் பேசினார். ஊர் அதே ஊர்தான். அதை அதே ஊராக வைத்திருப்பது வரைபடமன்று. அங்கே தொடர்ந்து வாழ்ந்த மக்களின் வாழ்க்கையே.

அரசின் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 2021இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டகத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தலாகாது. சட்டம் தன் வேலைக்கு வேண்டிய வரையறையைச் செய்துகொண்டது; அதில் குற்றமில்லை. ஆனால் அந்த வரையறையின்படி, அத்தா அகலமாக்கிய கேரியர் ஒரு குறை. எனக்கோ அதுவே அந்த வண்டியின் உயிர்நாடி. சட்டம் தொழிற்சாலையை விட்டு வந்த வண்டியைத் தேடுகிறது. நான் தேடுவது, ஒரு மனிதன் நாற்பது ஆண்டு பயன்படுத்திய வண்டியை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. அத்தா உயிரோடிருந்தால் தயங்காமல் மாற்றியிருப்பவற்றை நாமும் மாற்றலாம். டயர், டியூப், கேபிள், பிளக், பிஸ்டன் ரிங், பெல்ட் ஆகியவை தேய்வதற்கென்றே பிறந்தவை. அவற்றைப் புதுப்பிப்பது அவர் செய்துவந்த வேலையைத் தொடர்வதே ஆகும். ஆனால் அவர் கையால் சேர்த்ததை, அவர் கைபட்டுத் தேய்ந்ததை நீக்கலாகாது. கொல்லர் அடித்த கேரியர், வழவழப்பாகிப்போன ஹேண்டில்பார் பிடி, ஒருபுறம் மட்டும் தேய்ந்த பெடல் ஆகியவற்றுக்குப் புதியன கிடைத்தாலும் மாற்றலாகாது. மூலப்பொருளைக் காப்பது தொல்பொருள் துறையின் வேலை. உறவைக் காப்பதே பிள்ளைகளின் வேலை.

வேலை தொடங்கிற்று. டாங்கியில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தோம். கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவினோம். சைலன்ஸரில் அடைத்திருந்த கரியைச் சுட்டு எடுத்தோம். கழற்றிய பழைய சாமான்களை மெக்கானிக் ஒரு சாக்கில் போட்டு வைத்தார். பழைய இரும்புக்காரர் அதை எடை போட வந்தபோது, ஹாப்ஸ் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. சாக்கைக் கொடுக்க மனம் வரவில்லை.

ஆனால் மற்றொரு கேள்வி அப்போதும் எழாமலே இருந்தது. அதை எழுப்பியவள் தங்கை. "அண்ணா, இது யாருடைய வண்டி?" என்று கேட்டாள்.

நான் திகைத்தேன். ஓராண்டாக அதை 'என் அத்தாவின் வண்டி' என்று சொல்லிக்கொண்டு, மெல்ல 'என் வண்டி' ஆக்கிவிட்டிருந்தேன். இஸ்லாமியப் பாகப்பிரிவினையின்படி, அடக்கச் செலவும் கடனும் மரணசாசனமும் போக எஞ்சியதை, மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே உள்ள எங்கள் குடும்பத்தில் 24 பங்காக்கினால், அம்மாவுக்கு எட்டில் ஒன்றாகிய 3 பங்கு, எனக்கு 14 பங்கு, தங்கைக்கு 7 பங்கு. நிலத்தை அளக்கலாம்; பணத்தை எண்ணலாம். ஒரு மொபெட்டை 24 கூறாக்குவது எப்படி? விற்று விலையைப் பங்கிடலாம். அல்லது மற்றவர் மனமொப்ப ஒருவரே எடுத்துக்கொள்ளலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. கேளாமலே கைவைத்துவிட்டேன். நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்பது விடையாகாது. பிறர் பங்கில் நல்லெண்ணத்தோடு கைவைத்தாலும் அது பிறர் பங்குதான்.

தங்கை மேலும் ஒன்று சொன்னாள். அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது, ஊரார் ஏதேதோ பேசியதையும் பொருட்படுத்தாமல், அத்தா அவளுக்கு அந்த வண்டியைக் கற்றுக்கொடுத்தாராம். எஞ்சினை விடுவித்துவிட்டு, சைக்கிளைப் போல் மிதிக்கச் சொல்லி, ஏரிக்கரை வரை பின்னால் ஓடி வந்தாராம். நான் அப்போது விடுதியில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது தெரியவே தெரியாது. பாகப்பிரிவினைக் கணக்கில் எனக்கு 14. நினைவின் கணக்கில் அவள் பங்கு என்னைவிடப் பெரிது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னையே கேட்டுக்கொண்டேன்: இந்த வண்டியின் மீது திடீரென்று இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது? விடை கசப்பானது. கடைசிக் காலத்தில், "ஒரு தடவை அதை ரிப்பேர் பண்ணிக் குடு தம்பி, வாசல்ல வச்சாவது ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்" என்று அத்தா என்னிடம் கேட்டிருந்தார். அடுத்த விடுமுறையில் பார்க்கலாம் என்றேன். விடுமுறைகள் வந்தன, போயின. அவரும் போனார். நான் பூச நினைத்த பளபளப்பான பெயிண்ட், வண்டியின் துருவின் மேல் பூசுவதற்கு அன்று; என் தவறின் மேல் பூசுவதற்கு.

அன்பர்களே! பெற்றோர் நினைவாகப் பொருளைப் போற்றுவது நல்லதா என்று கேட்டால், நல்லதே என்பேன். ஆனால் அது அவர்களுக்குச் செய்யத் தவறிய பணிவிடைக்கு ஈடாகும் என்று எண்ணினால், நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். இறந்தவருக்குப் பட்ட கடன் இரும்பில் தீராது. அவருக்காக இறைவனிடம் கையேந்துவதிலும், அவர் விட்டுச்சென்ற உயிருள்ளவர்களின் உரிமையை நிறைவேற்றுவதிலுமே அது ஓரளவு தீரும். அம்மாவுக்குக் கண்ணில் புரை இருந்தது. வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க ஒதுக்கிய பணத்தில் முதலில் அந்தச் சிகிச்சையை முடித்தோம். அத்தா இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

பிறகு, அம்மாவும் நானும் எங்கள் பங்குகளைத் தங்கைக்கு ஹிபாவாகக் கொடுத்தோம். ஹிபா வாயால் சொல்வதோடு நிறைவேறாது; பெறுபவர் ஏற்க வேண்டும், பொருள் அவர் கைக்குச் சேர வேண்டும். ஆகவே வண்டியையும் சாக்கையும் அவள் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். பச்சை, நீலம், சாம்பல் மூன்றும் ஆங்காங்கே தெரியும்படிதான் அது இன்றும் நிற்கிறது. பதிவு காலாவதியானதால் சாலையில் ஓட்டுவதில்லை. அந்தப் புகையும் ஊருக்கு நல்லதன்று. எப்போதாவது ஸ்டாண்டிட்டு, பெடலை மிதித்து, சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துகிறாள்.

முதன்முறை அது உறுமியபோது அம்மா திண்ணையில் அமர்ந்திருந்தார். கட்டு அவிழ்த்த கண்ணால் வண்டியைப் பார்த்தார். "சத்தம் அதேதான்" என்றார். பிறகு, வழக்கமாக அத்தா சந்தையிலிருந்து திரும்பும் நேரத்தில் செய்வதுபோல், எழுந்து உலை வைக்க உள்ளே போனார்.

எது அதே வண்டி என்ற கேள்விக்கு அறிஞர்கள் இன்னும் விடை தேடட்டும். யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்ற கேள்விக்கு விடை அடுப்படியிலேயே இருந்தது. உங்கள் பெற்றோர் உயிரோடு இருந்து, எதையேனும் சரிசெய்து தரும்படி கேட்டிருந்தால், அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம்.