புகையும் உரிமையும்

"என் பணம், என் நெஞ்சு, என் புகை, இதிலே அரசுக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார், புகைபிடிக்கும் நண்பர். கேள்வி கேட்பது பகுத்தறிவாளரின் உரிமை. ஆகவே சீற வேண்டாம், சிந்திப்போம்.

உரிமை பேசுவோர் துணைக்கழைக்கும் பேரறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். பிறருக்குத் தீங்கு நேராத வரையில் ஒருவன்மீது அதிகாரம் பாயலாகாது என்று 1859-இல் நெறி வகுத்தார் அவர். நல்ல நெறி! ஆனால், பேருந்திலே ஒருவர் ஊதும் புகை, அவர் நெஞ்சோடு நின்றுவிடுகிறதா? பக்கத்து இருக்கைப் பச்சிளங் குழவியின் இசைவு கேட்டா நுழைகிறது? 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களில்தான் புகையைத் தடுத்தது. தனித்திருந்து புகைப்பவரின் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. நஞ்சின்மேல் அதன் தீமையை எழுதி ஒட்டுவது உரிமைக்கு ஊறன்று என்றவரும் மில்தான். எச்சரிக்கைப் படத்தைக் கண்டு முகம் சுளிப்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

மில் இன்னொன்றும் சொன்னார்: தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமை எவனுக்கும் இல்லை. நிகோடின் செய்வது என்ன? பதினாறில் விளையாட்டாகத் தொட்டது, நாற்பதில் எசமானனாக அமர்ந்து, "எழு! கடைக்குப் போ! கொளுத்து!" என்று ஆணையிடுகிறது. 18 வயது நிரம்பாதார்க்கு விற்காதே எனச் சட்டம் கூறுவது, விலங்கு பூட்டப்படுமுன் தடுக்கவே. ஆண்டவனுக்கும் ஆண்டைக்கும் தலைவணங்க மறுத்த சுயமரியாதைக்காரர், விரல் நீளத் துண்டுக்குப் பணிவதா?

இது வெறும் கற்பனையன்று. புகைப்போர் உள்ளமே சாட்சி. 2016-17-இல் இந்தியாவில் நடந்த கணக்கெடுப்பில், புகைப்போரில் 55 விழுக்காட்டினர், விட்டுவிட எண்ணுவதாகக் கூறினர். அயர்லாந்து 2004 மார்ச்சில் மதுக்கடைகளிலும் பணியிடங்களிலும் புகையைத் தடை செய்தது. ஓராண்டுக்குள் ஆய்வாளர் கேட்டபோது, அந்நாட்டுப் புகைப்போரிலேயே 83 விழுக்காட்டினர், நல்ல சட்டம் என்றனர். உதடு உரிமை பேசுகிறது. உள்ளமோ விடுதலை கேட்கிறது!

"வரி வாங்கிக் கருவூலத்தை நிரப்பும் அரசு, எச்சரிக்கையும் செய்வது போலித்தனமன்றோ?" என்பாரும் உண்டு. போலித்தனத்தைக் கண்டிப்போம். அந்த வரியில் ஒரு பங்கு, முதுகொடியப் பீடி சுற்றும் நெல்லைச் சீமைப் பெண்களுக்கு மாற்றுத் தொழில் தரட்டும் என்று வலியுறுத்துவோம். ஆயினும், அரசின் குறை புகைக்கு நற்சான்று ஆகிவிடாது.

இளைஞனே! புகைப்பவரை இழித்துப் பேசாதே. அவர் குற்றவாளி அல்லர், கட்டுண்டவர். சட்டம் வெளியிலே காவல் நிற்கலாம். உள்ளே உள்ள விலங்கை முறிக்க வேண்டியவர் அவரே. அவரை அணுகி அன்போடு சொல்: "உமது உரிமையைப் பறிக்க வரவில்லை, தோழரே, பறிபோனதை மீட்கத் துணை வந்திருக்கிறேன்."