விற்பாரில்லாத பொருளை எடுப்பது களவா?

வாசகரே, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள உங்கள் வீட்டு அலுமாரியில், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அச்சான மலர் ஒன்று இருக்கக்கூடும். பாட்டனாரின் முப்பத்தோராம் நாளுக்கோ பங்கின் யூபிலிக்கோ வெளியிட்டது. அதைத் திருத்தி மீண்டும் அச்சிட விரும்பி, அச்சகத்தார் அன்று தந்த இறுவட்டைப் புதிய கணனியில் போட்டுப் பாருங்கள். கோப்புத் திறவாது. திறந்தாலும் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமே தெரியும்.

காரணம் இதுதான். அந்நாளில் நம் அச்சகங்கள் பல, பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில் பாமினி போன்ற எழுத்துருக்களைக் கொண்டு பக்கம் அமைத்தன. அவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. பேஜ்மேக்கரை 1985இல் வெளியிட்ட ஆல்டஸ் நிறுவனம் 1994இல் அடோபியுடன் இணைந்தது. 2001இல் வந்த 7.0 கடைசிப் பதிப்பு. அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைன் சில காலம் பழைய கோப்புக்களைத் திறந்தது. இப்போதைய பதிப்புக்கள் திறப்பதில்லை. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாலும் பேஜ்மேக்கரை அடோபி விற்பதில்லை.

இந்நிலையில் ஒருவர், "என்னிடம் பழைய கொப்பி இருக்கிறது, தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி நிரலையும் நூலைப் போலவே காக்கிறது. முறையாக வாங்கியவர் காப்புப் பிரதி எடுத்து வைக்கலாம். வாங்காதவருக்கு அந்த இடம் இல்லை. காலமோ நெடியது. அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனத்துக்காக ஊழியர் ஆக்கியதற்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுக் காவல் உண்டு. அப்படியானால் முதல் பேஜ்மேக்கருக்கு 2080 முடியும்வரை! வெள்ளவத்தைக் கடற்காற்றில் நம் இறுவட்டு அதுவரை தாங்குமா?

ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்தில், புனித பினியனின் சங்கீத நூலைப் புனித கொலும்பா இரகசியமாகப் பிரதி செய்தார் என்று மரபு சொல்கிறது. வழக்கு அரசனிடம் போயிற்றாம். பசுவின் கன்று பசுவின் சொந்தக்காரனுக்கே, நூலின் பிரதியும் அவ்வாறே என்று தீர்ப்பு. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் பசு மடிந்து, பட்டியும் பாழாகி, சொந்தக்காரன் கன்றைத் தேடுவதையே விட்டுவிட்டால்? அக்கன்றுக்குப் புல் போடுபவனைக் கள்வன் என்று சொல்ல என் நா எழவில்லை. உங்கள் பாட்டனாரின் மலரைத் திறக்கப் பேஜ்மேக்கர் கொப்பியைப் பயன்படுத்தினால் அடோபி ஒரு சதமும் இழப்பதில்லை. அது சட்டத்தை மீறுவதுதான். பிறன் பொருளைப் பறிப்பது என்று சொல்ல முடியாது. அதையே நூறு இறுவட்டுக்களில் பதித்து விலைக்கு விற்பவன் கதை வேறு. தன்னுடையதல்லாததில் அவன் காசு பார்க்கிறான்.

ஆனால் இந்த நியாயத்தை நாம் எங்கும் நீட்டிவிடக் கூடாது. தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருட்களையும் ஆக்கியவர்களிற் பலர் பெரிய கம்பனிகள் அல்லர். வேலை முடிந்து இரவில் விழித்திருந்து எழுத்து வரைந்த தனி மனிதர். சுவிற்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் தமது மயிலை எழுத்துருவை இலவசமாகவே கொடுத்தார். அது அவருடைய கொடை. இன்னொருவர் விலை வைத்தால் அவரிடம் கொடையை எதிர்பார்க்க நமக்கென்ன உரிமை? தமிழுக்காகத்தானே என்று சொல்லி அவருடையதை வட்டுக்கு வட்டு மாற்றியது எனக்கு மிகவும் உறுத்துகிறது. பெரிய கம்பனிக்குப் பயந்தவர்களும் இவருக்குப் பயப்படவில்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1979இல் வந்த விசிகல்க் என்னும் கணக்கு மென்பொருளின் பழைய பதிப்பை, அதை ஆக்கியோருள் ஒருவரான டான் பிரிக்லின், உரிமை வைத்திருந்த லோட்டஸ் நிறுவனத்தின் அனுமதி பெற்று இலவசமாக வழங்கினார். போட்டோஷொப்பின் முதற் பதிப்பின் மூலநிரலை அடோபியே 2013இல் கலிபோர்னியாவின் கணனி வரலாற்று அருங்காட்சியகம் மூலம், வணிகத்துக்கல்லாத பயனுக்கு வெளியிட அனுமதித்தது. பழைய பேஜ்மேக்கருக்கும் இவ்வாறு செய்தால் என்ன? நம்மிடையே 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், பழைய நூல்களை இணையத்தில் ஏற்ற எழுத்தாளரிடமும் வெளியீட்டாளரிடமும் அனுமதி கேட்டுப் பெற்றது. சிரமமான வழிதான்.

இதற்கிடையில், உங்கள் மலரை அச்சிட்டவர் அன்று விலைக்கு வாங்கிய பிரதியை இன்னும் வைத்திருந்தால் அவரிடமே போங்கள். அவர் திறக்கச் சட்டத்தில் தடையில்லை. எழுத்தை யுனிகோட்டுக்கு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். பாமினியை மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. அவருடைய கூலியை மட்டும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.