மேல் கிளை என்ன பாவம் செய்தது?

பச்சைப்பசேலென்று, ஒரு நோய் நொடி இல்லாமல் இருக்கிற இலையை யாராவது பிடுங்கிப் போடுவார்களா? ஜப்பானில் போடுகிறார்கள். அதுவும் நடுங்கும் குளிரில், மூன்று கால் ஏணியில் நின்றுகொண்டு, விரல்களால், நாள் முழுக்க.

தகாமட்சு நகரத்தில் ரிட்சுரின் என்று ஒரு தோட்டம். அந்த ஊர்ப் பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி 1745-ல் முடித்தது. 1875-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அங்கே சுமார் 1,400 பைன் மரங்கள். அதில் ஏறக்குறைய ஆயிரம், தோட்டக்காரர்கள் கைபட்டு வளர்பவை.

இப்படிப்பட்ட தோட்டத்துப் பைன்களுக்கு வசந்தத்தில் புதுத் தளிரைக் கிள்ளுவது ஒரு வேலை. குளிர் பிடித்ததும் இன்னொரு வேலை. அதற்கு ‘மொமியாகே’ என்று பெயர். (கிருதாவுக்கும் அங்கே அதே பெயர்தான். சலூன் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல!) போன வருஷத்து ஊசிகளை உருவி எடுப்பார்கள். இந்த வருஷத்து ஊசிகளிலும் கொஞ்சம் குறைப்பார்கள். கத்தரியால் வெட்டினால் மிச்ச ஊசியின் நுனி பழுப்பாகிவிடும். அதனால் கைதான். பிசின் விரலில் அப்பிக்கொள்ளும்.

எதற்கு இவ்வளவு பாடு? வெளிச்சத்துக்கு. பைன் மரம் உச்சியில்தான் வேகமாக வளரும். மேலே அடர்ந்துவிட்டால் உள்ளேயும் கீழேயும் இருக்கிற சின்னக் கிளைகளுக்கு வெயில் கிடைக்காது. காய்ந்துவிடும். வெறும் கட்டையிலிருந்து பைன் சுலபத்தில் மறுபடி துளிர்க்காது. போனது போனதுதான்.

அதனால் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பலமான மேல் கிளையில் நிறையப் பிடுங்கு. நோஞ்சான் கீழ்க் கிளையில் நிறைய விட்டுவை.

பி.காம். படித்த மூளைக்கு இது உடனே வருமான வரியாகத்தான் பட்டது. அதிகம் இருப்பவனிடம் அதிகம் எடு. நியாயம்தானே? நானும் தலையாட்டினேன். அப்புறம்தான் அக்கா ஞாபகம் வந்தது.

அக்கா நன்றாகப் படிப்பாள். நான் சுமார். காலேஜுக்குப் பணம் கட்ட வீட்டில் ஒருவருக்குத்தான் வழி இருந்தது. “அவ எப்படியும் பொழச்சுக்குவா. இவனுக்குத்தான் ஒரு டிகிரி வேணும்” என்றார் அப்பா. என் பி.காம். அப்படி வந்ததுதான். அவள் பிழைத்துக்கொள்ளவும் செய்தாள். அதை வைத்தே, செய்தது சரி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

சொல்லுங்கள், பலமாக இருப்பது ஒரு குற்றமா? காட்டில் நிற்கிற பைன், நிழலில் மாட்டிய கீழ்க் கிளைகளைக் கைவிட்டுவிட்டு உயரமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கொன்றும் குறையில்லை. கீழ்க் கிளையும் வேண்டும் என்பது மரத்தின் ஆசை இல்லை; பார்க்கிறவரின் ஆசை. ‘மரத்தோட நல்லதுக்குத்தான்’ என்பதில் கொஞ்சம் பொய்யும் கலந்திருக்கிறது.

ஆனால், எங்கள் வீட்டில் இல்லாத ஒன்று அந்தத் தோட்டக்காரரிடம் இருக்கிறது. அவர் அடுத்த வருஷமும் வருகிறார். போன தடவை அளவுக்கு மீறிப் பிடுங்கிவிட்டோமா என்று பார்க்கிறார். கிளை தளர்ந்திருந்தால் அங்கே கையைக் குறைத்துக்கொள்கிறார். வருமான வரியில்கூட வருஷா வருஷம் புதுக் கணக்குதானே? அக்காவை நாங்கள் ஒரு தடவைகூட அப்படித் திரும்பிப் பார்க்கவில்லை. கடன், கல்யாணச் செலவு, அம்மாவின் ஆஸ்பத்திரி... எல்லாவற்றுக்கும் ‘அவ பாத்துக்குவா’தான்.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் அவளுக்குப் போன் செய்தேன். பைன் மரக் கதையைச் சொன்னேன். தயங்கித் தயங்கி, பி.காம். கதையையும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“உதிர்ற ஊசியை எல்லாம் என்னடா பண்ணுவாங்க?” என்று கேட்டாள்.

காய்ந்த பைன் ஊசிகளைத் தேநீர்த் தோட்டங்களில் பாசியின் மேல் பரப்பி வைப்பார்கள், உறைபனியில் பாசி கருகாமல் இருக்க என்றேன்.

“ஓ... அதுக்கப்புறமும் அதுக்கு வேலை இருக்கா?” என்றாள்.