மருந்தின் பெயர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தேக்காவில், ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒட்டிய புல்வெளியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அண்ணன் புதுக்கோட்டைப் பக்கம். தோட்ட வேலை. "ஆறு வருஷமா மருந்து அடிக்கிறேன் தம்பி" என்றார். முதுகில் டேங்க்கைச் சுமந்து நடைபாதை ஓரத்திலும் வேலி ஓரத்திலும் களைக்கொல்லி தெளிப்பது. என்ன மருந்து என்று கேட்டேன். "வெள்ளை கேன்ல வரும். சூப்பர்வைசர் கலந்து குடுப்பாரு."

களையைக் கொல்வதற்கு நாம் வைத்த பெயர் மருந்து. ஊரில் "மருந்தைக் குடிச்சிட்டான்" என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அதே சொல்தான். எந்த மருந்து என்று கேட்கத் தோன்றாத அளவுக்குப் பழகிவிட்ட சொல்.

பிறகு அவர் கேட்டார்: "இது அடிச்சா கேன்சர் வருமாமே? அமெரிக்காவுல ஒருத்தருக்குக் கோடிக்கணக்குல காசு குடுத்தாங்களாமே?"

அவர் சொன்னது டிவேய்ன் ஜான்சனை. கலிஃபோர்னியாவில் பள்ளி வளாகங்களைப் பராமரித்தவர். கிளைஃபோசேட் கலந்த களைக்கொல்லியைத் தெளித்தவர். இரண்டு முறை அது உடம்பெல்லாம் கொட்டி நனைந்திருக்கிறார். 2014இல் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய், அதாவது லிம்ஃபோமா, இருப்பது தெரியவந்தது. 2018 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோ நடுவர் குழு மான்சாண்டோ அவருக்கு 28.9 கோடி டாலர் தர வேண்டும் என்றது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2020இல் அது 2.05 கோடியானது. மான்சாண்டோவை வாங்கிய பேயர் அதே ஆண்டு, தவறை ஒப்புக்கொள்ளாமலே, ஆயிரக்கணக்கான வழக்குகளை முடிக்க 1,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது.

அப்படியானால் "ஆமாண்ணே, வரும்" என்று சொல்லிவிடலாமா? முடியாது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கிளைஃபோசேட்டை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்று வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அந்த முடிவுக்கு வரவில்லை. கேட்ட கேள்வியும் ஒன்றில்லை. வீவக புளோக்கின் கீழே இருக்கும் மின்சார அறையின் கதவில் 'அபாயம்' என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது ஆளைக் கொல்லும் என்பது ஒரு தகவல். வெளியே நடந்து போகிறவருக்கு எவ்வளவு ஆபத்து என்பது வேறு கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு, லேபிளைப் படித்து, கையுறை போட்டு, சரியான அளவில் கலக்கும் ஒரு ஆளை மனதில் வைத்துப் போடப்படுவது. நம்ம அண்ணன் கதவுக்கு உள்ளே நிற்கிறவர். லேபிளைப் பார்த்ததே இல்லை.

நீதிமன்றத்துக்கு முழு நிச்சயம் தேவையில்லை. உரிமையியல் வழக்கில், இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதைக்கூட எப்படிக் காட்டுவது? ஜான்சனுக்குத் தான் அடித்ததன் பெயர் தெரியும். சொந்த ஊரிலேயே மருத்துவர் இருந்தார், வழக்கறிஞர் இருந்தார்.

இங்கேயும் சட்டம் இருக்கிறது. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையில் இரசாயனம் பட்டதால்தான் நோய் வந்தது என்று காட்ட வேண்டும். நோய் கண்டறியப்பட்ட ஓராண்டுக்குள் கோர வேண்டும். வேலையை விட்டுப் போனவரும் கோரலாம். இல்லையென்றால் சிவில் வழக்கு போடலாம். அப்போது முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லிம்ஃபோமா மாதிரியான நோய் வெளியே தெரிய வருஷக்கணக்கில் ஆகலாம். அதற்குள் வேலை அனுமதி முடிந்திருக்கும். ஊரில் கழுத்தில் கட்டி என்று போனால், டாக்டர் சிங்கப்பூரில் என்ன மருந்து அடித்தாய் என்று கேட்கப்போவதில்லை. கேட்டாலும் பதில் 'வெள்ளை கேன்'. நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பம்ப்புக்குக்கூடப் பதிவேடு இருக்கிறது: எந்த எண்ணெய், எந்தத் தேதி, யார் கையெழுத்து. பழுதானால் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். இந்த மனிதருக்கு அப்படி ஒரு பக்கம்கூட இல்லை.

இது நமக்குப் புதிதும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியத் தோட்டங்களில் மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அங்கே பாராகுவாட். அது வேறு இரசாயனம், வேறு நோய்கள். மூக்கில் ரத்தம், உதிரும் நகம், தோலில் புண். ஐரீன் ஃபெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய ஆய்வு 2002இல் வந்தது. மலேசியா பாராகுவாட்டை முழுதாகத் தடை செய்தது 2020இல். பதினெட்டு வருஷம் ஆனது. ஆனால் யாரோ எழுதி வைத்ததால்தான் பேசவாவது ஒரு தாள் இருந்தது.

'ஆதாரம் இல்லை' என்று சொல்லும்போது நாம் இரண்டு விஷயங்களைக் குழப்புகிறோம். தேடிப் பார்த்துக் கிடைக்காதது ஒன்று. யாருமே குறித்து வைக்காததால் இல்லாமல் போனது இன்னொன்று. முதலாவது அறிவியல். இரண்டாவதை அறிவியல் என்று சொல்லி நிம்மதியாக இருப்பது அநியாயம். சந்தேகத்தின் பலன் இப்போது கேனுக்குப் போகிறது. சுமக்கிறவருக்குப் போக வேண்டும் என்றால், முதலில் அவருக்குக் கேனின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் அண்ணனிடம் தெரிந்ததை மட்டும் சொன்னேன். "வரும்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாதுண்ணே. வராதுன்னும் நான் சொல்ல மாட்டேன். கையுறை கேளுங்க. கேன் லேபிளை போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்குங்க. தேதியையும் குறிச்சுக்குங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "படம் எடுத்தா ஏன் எடுக்கிறேன்னு கேப்பாங்க தம்பி" என்றார்.

அந்தக் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. அடுத்த வாரம் அவர் போனில் படம் இருக்குமா என்று தெரியவில்லை. எங்கள் புளோக்கின் கீழே மருந்து அடிக்க வரும்போது, கேன் எது என்று நான் கேட்கலாம். என்னை யாரும் ஊருக்கு அனுப்ப மாட்டார்கள்.