அச்சு

கவென்ட்ரியிலிருந்து அக்கா மகன் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பித் தள்ளுகிறான். எல்லாம் கார். சரியாகச் சொன்னால், இன்னும் கார் ஆகாதவை. வெறும் இரும்புச் சட்டம், சக்கரமில்லாத ஃபைபர் கூடு, அட்டைப்பெட்டியில் குவித்த நட்டு போல்ட்டு. பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் நகலை வீட்டு ஷெட்டிலேயே கட்டப் போகிறானாம். "எந்த கிட் வாங்கலாம், நீங்க சொல்லுங்க மாமா."

நான் ஓட்டியதெல்லாம் டி.வி.எஸ். ஃபிஃப்டி. திட்டக்குடியிலிருந்து விருத்தாசலத்துக்குப் பஸ் பிடித்துப் போய், முப்பது வருஷம் பீங்கான் பொம்மைக்கு அச்சு எடுத்தவன். அதனால்தான் கேட்கிறான் போலிருக்கிறது. ஃபைபர் பாடியும் அச்சில் பிறப்பதுதானே.

*

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு, இரண்டு பாதி. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டுவோம். மேல் துளை வழியாக மண் கரைசலை ஊற்ற வேண்டும், மோர்க்குழம்பு பதம். பிளாஸ்டர் தண்ணீரை மட்டும் குடிக்கும், உள்சுவரில் மண் ஏடு கட்டும். கனம் போதும் என்றதும் மீதியைக் கவிழ்த்து வடித்துவிடுவோம். எப்போது கவிழ்ப்பது என்பதற்குக் கடிகாரம் உதவாது. மழை நாளில் ஒரு கணக்கு, அச்சு பழசாகி உறிஞ்சுவது குறைந்துவிட்டால் வேறு கணக்கு. துளையின் விளிம்பில் படிந்திருக்கும் ஏட்டைக் கண்ணால் அளந்துதான் கை கவிழும்.

ஒரு வருஷம் கொலுவுக்கு முன்னால் அவசர ஆர்டர். செட்டியார் பொம்மையின் மூல மாதிரி உடைந்துபோயிருந்தது. நான் சூளையில் வெந்து வந்த பொம்மையின் மேலேயே அச்சு எடுத்தேன். மண் காயும்போது சுருங்கும், வேகும்போது இன்னும் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால்கூட, 12 அங்குலப் பொம்மையின் நகல் 11ஐத் தொடாது. அந்த நகலுக்கு நகல் எடுத்தால் 10க்குக் கீழே. மூன்றாவது 9க்கும் கீழே. மூல மாதிரியைப் பெரிதாகச் செய்வது இதற்காகத்தான். தெரிந்தே செய்தேன், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று. பழைய அச்சில் வந்த செட்டியாரம்மாவுக்குப் பக்கத்தில் என் செட்டியார் அவள் பிள்ளை மாதிரி நின்றார். சரக்கு அப்படியே திரும்பி வந்தது.

*

கோப்ரா கிட் படத்தைப் பார்த்ததும் அந்தச் செட்டியார் நினைவுக்கு வந்துவிட்டார்.

1962இல் கரோல் ஷெல்பி என்ற அமெரிக்கர், இங்கிலாந்தின் ஏ.சி. கம்பெனி காருக்குள் ஃபோர்டின் வி-8 எஞ்சினை வைத்துக் கட்டியது கோப்ரா. அலுமினிய உடம்பு. அசல் ஏறக்குறைய ஆயிரம் வண்டிதான். நகல்கள் அதைப்போலப் பல மடங்கு. இத்தனை நகலுக்கும் அச்சு எங்கிருந்து வந்தது? அசல் காரின் மேல் எடுத்தவர் சிலர். மற்றவர்கள் அந்த நகலின் மேல் எடுத்திருப்பார்கள். ஃபைபர் மண்ணைப்போல் சுருங்காது. ஆனால் நகலுக்கு நகல் எடுக்க எடுக்க விளிம்பு மழுங்கும். மட்கார்டின் வளைவு பூரி மாதிரி உப்பும். கதவுக்கும் பாடிக்கும் நடுவே மேலே ஒரு விரல் சந்து, கீழே அரை விரல் சந்து.

விற்கிறவனிடம் குதிரைசக்தியைக் கேட்காதே, அச்சு எதன் மேல் எடுத்தது என்று கேள் என்று எழுதினேன். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடை.

*

அடுத்த படம் செவன். 1957இல் லோட்டஸ் கம்பெனி கொண்டுவந்தது. அதன் நிறுவனர் காலின் சாப்மனின் கைவேலை. இரும்புக் குழாய்ச் சட்டம், அதன் மேல் மடித்துப் பதித்த அலுமினியத் தகடு. அலங்காரமே இல்லை. முழுக் காராக வாங்கினால் இங்கிலாந்தில் அப்போது கொள்முதல் வரி உண்டு. உதிரியாக வாங்கினால் இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படிக்கச் சொன்னார்களாம். நம் ஊர் ஆடிட்டர் கேட்டால் எழுந்து நின்று கும்பிடுவார். 1973இல் கொள்முதல் வரி போய் வாட் வந்தது. செவனின் உரிமையும் அதே வருஷம் கேட்டர்ஹாம் கம்பெனி கைக்குப் போனது. இன்று அதே வடிவத்தில் சட்டம் செய்து தருகிறவர்கள் பலர். எஞ்சின், கியர்பாக்ஸ், பின்பக்க டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரு பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரிலிருந்து கழற்றிக்கொள்ளலாம்.

எனக்கு இது பிடித்திருக்கிறது. மூக்கும் மட்கார்டும் போக அச்சு வேலையே கிடையாது. தட்டைத் தகடு எத்தனை முறை நகல் எடுத்தாலும் தட்டைத் தகடுதான். உறுப்புகள் ஒரே வண்டியிலிருந்து வருவதும் நல்லது. ஏற்கெனவே சேர்ந்து உழைத்துப் பழகியவை. நாலு வண்டியில் பொறுக்கிச் சேர்த்த கிட், நாலு வீட்டு மருமகள்களை ஒரே அடுப்படியில் விட்ட கதை.

*

ஆனால் அவன் மனசு வேறெங்கோ. கடைசிப் படத்தைத் தனியாக அனுப்பியிருந்தான். யாரோ பாதியில் விட்டுவிட்ட ஜென்ட்ரி என்ற கிட் கார். 1950களின் எம்.ஜி. டி.எஃப். காரைப் போன்ற உடம்பு. அடியில் டிரையம்ப் ஹெரால்டின் சேசிஸ்.

ஹெரால்டு என்றதும் நான் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு வந்துபோகும் டாக்டர் ஒருவர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். 1961 முதல் மெட்ராஸில் செய்தார்கள். மூலக் கம்பெனி இருந்தது அக்கா மகன் இருக்கும் அதே கவென்ட்ரியில். பானெட்டை மட்டும் திறக்கிற வண்டியில்லை அது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பாதி முழுவதும் முதலை வாயைப்போல் முன்னால் கவிழும். முன்சக்கரமும் எஞ்சினும் வெட்ட வெளியில் நிற்கும். டிரைவர் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே ரிப்பேர் பார்ப்பார். நாங்கள் சுற்றி நிற்போம். இதை அவனுக்குச் சிறுவயதில் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ.

ஹெரால்டுக்குச் சேசிஸ் தனி, பாடி தனி. பாடியைக் கழற்றினாலும் சட்டம் தானாக நிற்கும். 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் இதன் சேசிஸிலிருந்து பிறந்ததுதான். கிட்காரர்கள் ஹெரால்டைத் தேடித் தேடிப் பிடித்ததும் அதனால்தான். ஓர் அசலின் பாடியைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றின் நகலைப் போர்த்துவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் இவன் பார்க்கும் வண்டியில் அந்தப் பாவம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. சேசிஸ் மட்டும் காத்துக்கொண்டிருக்கிறது.

*

இங்கே என்றால் இந்தப் பேச்சே எழாது. 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52: ஆர்.சி. புத்தகத்து விவரம் கம்பெனி முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. புதிதாக ஒன்றைக் கட்டினால் வகை ஒப்புதல் வாங்க வேண்டும். தனி ஆளுக்கு ஆகிற காரியமில்லை. தமிழ்நாட்டில் கை துறுதுறுத்தவர்கள் ரோட்டை விட்டுவிட்டு ரேஸ் டிராக்குக்குப் போனார்கள். கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். நரேன் கார்த்திகேயன் கார் பந்தயத்தைத் தொடங்கியது அதில்தான். கரிவர்தன் 1995இல் சிறுவிமான விபத்தில் போய்விட்டார். 2003இல் திறந்த செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்.

இங்கிலாந்தில் ஐ.வி.ஏ. என்று ஒரு சோதனை, ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது உருண்டிருக்க வேண்டுமாம். பிசிர் சீவுவது எங்களுக்குப் பாலபாடம். ஈரப் பஞ்சால் ஒட்டுச்சந்தை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், காய்வதற்கு முன்.

*

எங்கள் ஊர் வெள்ளாற்றுப் பாலத்தில் நின்று யோசித்தேன். ஆற்றில் மணல்தான். அச்சு என்றால் நம் பேச்சில் வார்ப்பும் அதுதான், சக்கரம் சுற்றும் இருசும் அதுதான். இத்தனை வருஷம் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் ஓட்டு செவனுக்கு. அதை எழுதி அனுப்பிவிட்டேன். "சரி மாமா" என்றான். அந்த "சரி"க்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை ஜென்ட்ரியைப் பார்க்கப் போகிறான். ஒரு காந்தமும் ஒரு நாணயமும் எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். சேசிஸில் காந்தம் ஒட்டாத இடத்தில் துருவை மறைத்துப் பட்டி பூசியிருப்பார்கள். ஃபைபரை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் ஏடு பிரிந்திருக்கும். தட்டும்போது போனைப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், இங்கிருந்தே கேட்டுக்கொள்வேன்.