செஞ்சோற்றுக் கடன்

அப்பா கும்பகர்ணன் கதை சொல்லும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். தப்பு என்று தெரிந்தே அண்ணன் பக்கம் நின்று செத்தவன். தளபதி ஹென்ரி பெர்த்ராந்தைப் பற்றிப் படித்தபோதும் அதே கலக்கம்.

நெப்போலியனின் அரண்மனைத் தலைமை அதிகாரி அவர். 1815-இல் பேரரசு போன பிறகும் செயிண்ட் ஹெலினா தீவுக்குக் கூடவே போனார். மறுவருஷம் பிரான்சில் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள், அசையவில்லை.

ஆனால் அந்தத் தீவுக்குத்தான் போகிறோம் என்று தெரிந்த அன்று அவர் மனைவி ஃபானி கப்பலிலிருந்து கடலில் குதிக்கப் பார்த்தார். பிடித்து இழுத்தார்கள். பிறகு, அந்த ஈரக்காற்றில் பிள்ளைகளை வளர்த்தார். ஒரு மகன் அங்கேயே பிறந்தான்.

விசுவாசம் அறமா என்றால், ஆம் என்பேன். ஆனால் சோறு தின்ற கடனுக்கு வீட்டாரின் வாழ்க்கையையும் சேர்த்துக் கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டா? இல்லை என்றே நினைக்கிறேன். பெர்த்ராந்தை மதிக்கிறேன், ஃபானிக்காக மனம் அடித்துக்கொள்கிறது.

1840-இல் நெப்போலியனின் உடலைக் கொண்டுவர 67 வயதில் மறுபடி அதே தீவுக்குப் போனார் பெர்த்ராந்த். சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தது இரண்டே நிமிடம். ஃபானி 1836-லேயே இறந்திருந்தார்.

பாரிஸ் இன்வாலிட் ஆலயத்தில், எஜமானுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பெர்த்ராந்தின் கல்லறை.