நலமாயிருக்கிறேன், அம்மா

வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி. வீட்டில் செபமாலை முடிந்து, சுரூபத்தின் முன் எரிந்த மெழுகுதிரியை அப்போதுதான் அணைத்திருக்கிறார்கள். கத்தார் நாட்டில் அந்நேரம் மாலை ஆறு மணி. அங்கே அன்று ஓய்வு நாள். கைப்பேசி மணி அடிக்கிறது. தாய் ஓடிப்போய் எடுக்கிறாள்.

“சாப்பிட்டாயா, ராசா?”

“சாப்பிட்டேன், அம்மா.”

“உடம்பு எப்படி இருக்கிறது?”

“நலமாயிருக்கிறேன், அம்மா. அப்பா எப்படி இருக்கிறார்?”

“அவருக்கென்ன, நன்றாக இருக்கிறார்.”

மகனுக்கு இரண்டு மாதமாய்ச் சம்பளம் வரவில்லை. தகப்பனார் மூன்று நாளைக்கு முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார். ஆக, இருவரும் உண்மையை மறைத்தார்கள். இருவரும் அன்பினாலேயே மறைத்தார்கள். பேச்சு முடிந்தபின் இருவருக்கும் உறக்கம் வரவில்லை.

அன்பர்களே, நம் பங்கில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை! மகனோ, கணவனோ, தாதி வேலைக்குப் போன மகளோ கடலுக்கு அப்பால் இருக்க, இங்கே அடுப்பு மூட்டும்போதும், கிணற்றடியில் நிற்கும்போதும், பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போதும் நெஞ்சில் ஒரு விசாரம் அரித்துக்கொண்டேயிருக்கிறது. இந்த விசாரத்தைக் குறித்து இரண்டு விதமாய்ப் பேசக் கேட்கிறோம். சிலர், “விசுவாசமுள்ளவள் கவலைப்படலாமா? கவலைப்படுவதே பாவம்” என்கிறார்கள். வேறு சிலரோ, “பிள்ளை பாலைவனத்தில் கிடக்கிறான், இவளுக்குச் சிரிப்பு வருகிறதே! பெற்ற மனமா இது?” என்கிறார்கள். முந்தினவர்களுக்குக் கவலை குற்றம். பிந்தினவர்களுக்குக் கவலையின்மை குற்றம். இவ்விரண்டு பேச்சுக்கும் நடுவே அகப்பட்ட தாய் என்ன செய்வாள்? கவலைப்பட்டதற்காக ஒருநாள் வெட்கப்படுகிறாள். கவலையை மறந்து ஒரு கலியாண வீட்டில் சிரித்துவிட்டதற்காக மறுநாள் வெட்கப்படுகிறாள்.

இதை நிதானமாய் யோசித்துப் பார்ப்போம். வேதாகமத்தில் இதே விசாரம் தோபித்து ஆகமத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நினிவே பட்டணத்தில் அடிமைகளாய் வாழ்ந்த குடும்பம் அது. தகப்பனுக்குக் கண்பார்வை போயிற்று. குடும்பத்தில் வறுமை. மேதியா நாட்டில் ஒருவரிடம் முன்பு கொடுத்துவைத்த பத்துத் தாலந்து வெள்ளியை வாங்கிவர ஒரே மகன் தோபியாவை அனுப்புகிறார்கள். நம் வீடுகளிலிருந்து பிள்ளைகள் புறப்படும் காரணம்தான். மகன் தெருத் திரும்பியதும் தாய் அன்னாள் அழத் தொடங்கி, அந்தப் பணமே இல்லாதிருந்தால் நலமாயிருக்குமே என்று கணவனிடம் முறையிட்டாள். குறித்த நாளில் மகன் வரவில்லை. அவள் நாள்தோறும் வெளியே போய், தூரத்துப் பாதை தெரியும் மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் மாண்டுபோனான் என்றே நினைத்தாள். கணவன், துணைக்குப் போனவர் நம்பத்தக்கவர், பிள்ளை சுகமாயிருப்பான் என்று தேற்றினான். ஆனால் அவனும் உள்ளுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டுதானிருந்தான். நம் வீட்டுத் தகப்பன்மாரும் அப்படித்தானே? தாய் வாய்விட்டு அழுகிறாள். தகப்பன் முற்றத்தில் உலாவுகிறான்.

அந்த நாட்களில் மகன் எங்கே இருந்தான் தெரியுமா? கலியாணப் பந்தியில்! சாராள் என்னும் பெண்ணை மணமுடித்து, மாமனார் வற்புறுத்தியதால் பதினான்கு நாள் விருந்தில் தங்கியிருந்தான். அவனோடு வழித்துணையாய்ப் போனவரோ இரபாயேல் சம்மனசானவர். தாய் மனதில் மகன் பிணமாய்க் கிடந்தான். உண்மையில் அவன் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தான். விசாரம் செய்யும் வேலை இதுதான். அது நமக்குப் பிள்ளையைக் காட்டுவதில்லை. நம் பயத்தைக் கொண்டு ஒரு பிள்ளையை எழுதிக் காட்டுகிறது. அந்தப் படத்தைப் பார்த்து நாம் அழுகிறோம். ஆனாலும் வேதாகமம் அன்னாளை ஓர் இடத்திலும் கண்டிக்கவில்லை. மேட்டில் உட்கார்ந்து காத்திருந்த அவளே, திரும்பி வரும் மகனைத் தூரத்திலேயே அடையாளம் கண்டாள். ஆகவே, காத்திருக்கும் கண்ணைப் பாவமென்று சொல்லத் துணியவேண்டாம்.

“அது பழைய காலத்துக் கதை, எங்கள் பயம் வெறும் கற்பனையா?” என்று கேட்பீர்கள். கற்பனை என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குவைத்தில் ஈராக் படை புகுந்தபோது, அங்கிருந்த 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியரை விமானங்களில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2024ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அதிகாலை, குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர் மாண்டார்கள். அவர்களில் ஏழு பேர் நம் தமிழ்நாட்டார். அந்த வீடுகளிலும் முந்தின வாரம் “நலமாயிருக்கிறேன்” என்ற குரல் கேட்டிருக்கும். ஆகையால், “ஒன்றும் நேராது, போங்கள்” என்று மலிவான ஆறுதல் சொல்வது அன்பாகாது.

அப்படியானால் விசாரத்துக்கு அளவு எது? பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த வேதசாஸ்திரி அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இதை அழகாய்ப் பிரித்துக் காட்டியிருக்கிறார். உலகப் பொருளையே கடைசி கதியாய்த் தேடும்போதும், அளவுக்கு மிஞ்சின ஆவலோடு தேடும்போதும், அளவுக்கு மிஞ்சி அஞ்சும்போதும் கவலை தவறாகிறது என்கிறார். வருங்காலத்தைப் பற்றிய கவலையைக் குறித்தோ, ஒவ்வொரு காலத்துக்கும் அதற்குரிய கவலை உண்டு என்கிறார். கோடையில் கதிர் அறுப்பைப் பற்றிய அக்கறையும், அதன்பின் வரும் காலத்தில் திராட்சைப் பழம் பறிப்பதைப் பற்றிய அக்கறையும் வேண்டும். கோடையிலேயே திராட்சைக்காக ஏங்குகிறவன் கதிரையும் கெடுத்துக்கொள்வான்.

இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். பிள்ளை புறப்படுமுன் உள்ள காலத்துக்கு ஒரு கவலை உண்டு. தரகர் அரசாங்க உரிமம் பெற்றவரா? ஒப்பந்தப் பத்திரத்தில் சம்பளம், வேலை, தங்குமிடம் எழுதியிருக்கிறதா? அதன் நகல் ஒன்று வீட்டில் இருக்கிறதா? வேலைக்கென்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறார்களா? 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் உரிமமும் அனுமதியும் வேண்டும் என்று விதித்ததெல்லாம் இந்தக் கேள்விகளுக்காகவே. அன்றைக்கு இவற்றைக் கேளாமல், வட்டிக்கு வாங்கித் தரகர் கையில் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அழுகிறோமே! கவலைப்பட வேண்டிய காலத்தில் கவலைப்படாதவர்கள், பிறகு இரவெல்லாம் கவலைப்படுகிறார்கள்.

பிள்ளை போனபின் வேறொரு கவலை. வெயிலை நினைத்துத் தாய் உருகுகிறாள். உருகுவதோடு நில்லாமல் அறிந்துகொள்ளட்டும்: கத்தாரில் 2021ஆம் ஆண்டிலிருந்து, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக்கூடாது என்பது விதி. இதை அறிந்த தாய், “வெயிலில் வாடுகிறாயே, ராசா” என்று அழுவதற்குப் பதிலாக, “பத்து மணிக்குப்பின் உங்களை உள்ளே விடுகிறார்களா?” என்று கேட்பாள். முதல் பேச்சுக்கு மகன் “இல்லை, அம்மா” என்று பொய்தான் சொல்லமுடியும். இரண்டாவது கேள்விக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். அறிவு சேர்ந்த கவலை கேள்வியாகிறது. அறிவு சேராத கவலை கண்ணீராகவே நின்றுவிடுகிறது.

இங்கேதான், அன்பர்களே, நாம் நம் மனச்சாட்சியைச் சோதிக்கவேண்டிய இடம் வருகிறது. பிள்ளை ஏன் உண்மையைச் சொல்வதில்லை? முன்பொருமுறை “காய்ச்சலாயிருக்கிறது” என்று சொன்னான். உடனே வீட்டில் ஒப்பாரி. அக்காள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் செய்தி பறந்தது. ஒரு மணிக்கொருமுறை கைப்பேசி அடித்தது. காய்ச்சலில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து வீட்டாருக்கு ஆறுதல் சொல்லவேண்டியதாயிற்று! இன்னொருமுறை, “சம்பளம் தாமதமாகிறது” என்றான். “அப்படியானால் தங்கச்சி கலியாணம்?” என்றது வீடு. அன்றைக்கு அவன் ஒரு பாடம் கற்றுக்கொண்டான். இந்த வீட்டுக்கு உண்மையைத் தாங்கும் பலமில்லை என்பதே அந்தப் பாடம். அதுமுதல் “நலமாயிருக்கிறேன்” என்ற ஒரே வார்த்தைதான். அவன் ஒன்றும் சொல்லாததால் நம் விசாரம் வளருகிறது. நம் விசாரம் வளருவதால் அவன் இன்னும் மறைக்கிறான். உறக்கமில்லாத அன்பு பெரியதுதான். உண்மையைக் கேட்டுத் தாங்கும் அன்பு அதைவிடப் பெரியது.

அர்ச். மோனிக்கம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். 383ஆம் ஆண்டு அவளுடைய மகன் அகுஸ்தீன் கார்த்தேஜ் பட்டணத்திலிருந்து உரோமைக்குக் கப்பலேறினார். போகவிடாமல் தாய் பற்றிக்கொண்டாள். அந்தப் பிடியிலிருந்து தப்ப மகன் பொய் சொன்னார்: நண்பர் ஒருவரை வழியனுப்பவே துறைமுகத்தில் நிற்பதாகச் சொல்லிவிட்டு, அவள் அருகிலிருந்த அர்ச். சிப்பிரியானின் கோவிலில் செபித்துக்கொண்டிருந்த இரவில் புறப்பட்டுவிட்டார். விடிந்தபோது கரையில் தாய் கதறினாள். இதைப் பிற்காலத்தில் மேற்றிராணியாரான மகனே தம் பாவசங்கீர்த்தன நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் மோனிக்கம்மாள் கரையிலேயே நின்றுவிடவில்லை. பிறகு அவளும் கடலேறி மிலான் பட்டணத்துக்கு மகனைத் தேடிப் போனாள். வழியில் கடல் கொந்தளித்தது. பிரயாணிகளுக்குத் தைரியம் சொல்லவேண்டிய கப்பற்காரருக்கு, அன்று தைரியம் சொன்னவள் அந்தத் தாய். கரையில் கதறியவளும் கப்பலில் தேற்றியவளும் ஒரே மோனிக்கம்மாள்தான். அவளுடைய அன்பு குறையவில்லை; திடப்பட்டது. அப்படித் திடப்பட்டு வந்த தாயிடம் மகன் தன் உள்ளத்தின் இருளையும் ஒளிக்கவில்லை; பழைய தப்பறையைக் கைவிட்டதையும், சத்தியத்தை இன்னும் கண்டடையாததையும் அவளிடம் உள்ளபடி சொன்னார். 387ஆம் ஆண்டு உயிர்த்த திருநாள் இரவில் அவர் ஞானஸ்நானம் பெற்றபோது அவள் உடனிருந்தாள்.

நம்மில் எல்லாரும் கப்பலேறிப் போகமுடியாது. ஆனால் இந்த வாரம் கைப்பேசி மணி அடிக்கும்போது செய்யக்கூடியது ஒன்றுண்டு. சாப்பாட்டையும் பணத்தையும் விசாரித்தபின், இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: “உனக்கு அங்கே கஷ்டமானது எது? சொல்லு, நான் அழமாட்டேன்.” அவன் சொல்லும்போது குறுக்கே பேசாதிருங்கள். சம்பளம் வரவில்லையென்றால், எத்தனை மாதம், அவனோடு வேலை செய்கிற மற்றவர்களுக்கும் அப்படியா, இந்தியத் தூதரகத்தில் சொல்லியாயிற்றா என்று கேளுங்கள். வீட்டிலுள்ள ஓர் உண்மையையும் அவனுக்குச் சொல்லுங்கள்: “அப்பாவுக்கு உடம்பு சுகமில்லாமலிருந்தது, இப்போது தேறிவருகிறார்.” அவனும் இந்தக் குடும்பத்தின் பிள்ளை, பணம் அனுப்புவதில் மட்டுமல்ல, பாரம் சுமப்பதிலும் அவனுக்குப் பங்குண்டு. மாப்பிள்ளை வெளிநாட்டிலிருக்க இங்கே தனித்துக் குடும்பம் நடத்தும் மருமகளிடமும் மாமியார் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். அவளும் நாள்தோறும் “ஒன்றுமில்லை, அத்தை” என்று சொல்லிக்கொண்டுதானிருக்கிறாள்.

பிறகு இரவு செபத்தில் அவன் பெயரைச் சொல்லி, கதவைத் தாழிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அறியக்கூடியதை அறிந்தாயிற்று, செய்யக்கூடியதைச் செய்தாயிற்று. மீதியைச் சர்வேசுரன் பார்த்துக்கொள்வார். தாய் உறங்குகிறாள் என்று தெரிந்தால், கடலுக்கு அப்பால் அந்தப் பிள்ளையும் நிம்மதியாய் உறங்குவான்.